ஃபோர் வீல் டிரைவ் மாற்ற டயலா, பட்டனா, டச் ஸ்கிரீனா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரிக் குழு பழைய ஜீப் ஒன்றின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்கு அனுப்பும் கியர் பெட்டி) லீவரைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை ஒரு சின்ன மோட்டாரிடம் கொடுக்கப் போகிறது. 2எச் (பின் சக்கரங்கள் மட்டும்), 4எச் (நான்கு சக்கரமும், சாதாரண வேகம்), 4எல் (நான்கு சக்கரமும், குறைந்த வேகம், அதிக இழுவை) மூன்றையும் ஓட்டுநர் டாஷ்போர்டிலிருந்தே மாற்ற வேண்டும். அதற்கு டயல் வைப்பதா, வரிசையாகப் பட்டன்களா, இல்லை டச் ஸ்கிரீனிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டயல் வையுங்கள். திருப்பிய இடத்திலேயே நிற்கிற டயல். 2எச்சிலிருந்து 4எச்சுக்குச் சாதாரணமாகத் திரும்பட்டும். 4எல்லுக்கு மட்டும் அழுத்திப் பிடித்தால்தான் திரும்ப வேண்டும். ஆனால் டயலைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது விளக்கு. ஓட்டுநர் கேட்டது ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நடந்திருப்பது வேறொன்று என்ற நிலைமை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி வரும். அந்த நேரத்தில் வண்டி அவரிடம் என்ன சொல்லப் போகிறது என்பதை வைத்துத்தான் இந்த டிசைன் தேறுமா தேறாதா என்று நான் பார்ப்பேன்.

நீங்கள் கழற்றப் போகும் லீவர் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு லீவர்கள் இருந்தன. ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்க்க, இன்னொன்று ஹை, லோ மாற்ற. லோ ரேஞ்சில் அந்தப் பெட்டி வேகத்தை 1.97-க்கு 1 என்று குறைக்கும். அதாவது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவ்வளவையும் பின் ஆக்ஸில் தனியாகத் தாங்கக் கூடாது என்பதால், முன் ஆக்ஸில் சேராமல் லோ விழாதபடி பெட்டிக்குள்ளேயே ஒரு தடை வைத்திருந்தார்கள். ஓட்டுநர் மறந்தாலும் லீவர் மறக்காது. கையால் இழுத்துப் பார்த்தாலே விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கியர் பல் பல்லோடு மோதினால் உள்ளங்கையில் அதிரும். பாதியில் நின்றால் லீவரும் பாதியில் நிற்கும்.

ஆக அந்த ஒரு லீவர் கட்டளையை எடுத்துச் சென்றது, தவறான வரிசையைத் தடுத்தது, நடந்ததைத் திருப்பிச் சொன்னது. மோட்டாரும் ஸ்விட்சும் வைக்கும்போது கட்டளை மட்டும் தானாக வந்துவிடும். மற்ற இரண்டையும் நீங்கள் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு.

இனி அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உங்களுடையது தேவைப்படும்போது மட்டும் முன் ஆக்ஸிலைச் சேர்க்கும் பார்ட் டைம் வகை. முன், பின் ஆக்ஸில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. 4எச்சில் ஆக்ஸில்களுக்கு விசை கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. ஷாஃப்ட்டுகளும் பல்களும் முறுக்கேறி இறுகிவிடும். அப்போது 2எச்சுக்கு மாற்றச் சொன்னால் பல் கழலாது. பழைய லீவரில் ஓட்டுநர் இழுத்துப் பார்ப்பார், வராது, நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுப்பார், முறுக்கு தளர்ந்ததும் கழன்றுவிடும். உங்கள் வண்டியில் டயல் 2எச்சைக் காட்டிக்கொண்டிருக்கும், வண்டி 4எச்சில் ஓடிக்கொண்டிருக்கும்.

4எல்லில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். வண்டி நிற்கும்போது பல்லுக்கு நேராகப் பள்ளம் இருந்தால் உள்ளே போகும். பல்லுக்கு நேராகப் பல் இருந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். இதனால்தான் ஜீப் ராங்ளரின் கையேடு, ஆட்டோமேட்டிக் கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு 4எல்லுக்கு மாற்றச் சொல்கிறது. மெதுவாக உருளும்போது பல்லும் பள்ளமும் தாமாக நேர்ப்படும். வேறு சில வண்டிகள் முழுதாக நிறுத்தச் சொல்கின்றன. உங்கள் பெட்டி எந்த வகை என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மோட்டார் நேரடியாக ஃபோர்க்கை (பெட்டிக்குள் கியரை நகர்த்தும் கவை) தள்ளக் கூடாது. மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தட்டும், ஸ்பிரிங் ஃபோர்க்கைத் தள்ளட்டும். பல் நேர்ப்படாவிட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தோடு காத்திருக்கும். நேர்ப்பட்ட நொடியில் உள்ளே தள்ளிவிடும். மோட்டாரும் கருகாது, பல்லும் சிதையாது. ஆனால் காத்திருக்கும் அந்த சில நொடிகள் முழுக்கக் கேட்டது வேறு, நடந்தது வேறு.

இப்போது விளக்குக்கு வருகிறேன். மூன்று நிலைக்கும் தனித்தனி விளக்கு. நடந்து முடிந்த நிலை நிலையாக எரியட்டும். கேட்டும் இன்னும் முடியாத நிலை மின்னட்டும். சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இந்த வழக்கம்தான் இருக்கிறது. ஓட்டுநர்களுக்குப் பழகிய வழக்கத்தை மாற்றாதீர்கள்.

அந்த விளக்குக்கான சிக்னலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். டயலிலிருந்து எடுக்காதீர்கள். மோட்டாரிலிருந்தும் எடுக்காதீர்கள். ஃபோர்க் நகரும் ஷாஃப்ட்டின் மேல் சென்சார் வைத்து அங்கிருந்து எடுங்கள். 1979 மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வை இயக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தத்துக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. அணு உலையையும் ஜீப்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பெரிதாகத் தெரியலாம். வயரிங்கில் நடந்த தவறு அதேதான். மாணவர் புராஜெக்ட்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறும் அதுவே: ஸ்விட்சின் ஒரு காலிலிருந்து ரிலேவுக்கு ஒரு வயர், விளக்குக்கு ஒரு வயர். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு அழகாக எரியும். அந்த விளக்குக்குப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று எதுவுமே தெரியாது.

மாற்றம் மறுக்கப்பட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். "வேகத்தைக் குறைக்கவும்", "நியூட்ரலில் போடவும்" என்று சின்னத் திரையில் ஒரு வரி போதும். காரணம் தெரியாத ஓட்டுநர் டயலை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருப்பார். கட்டளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். உங்கள் புரோகிராம் எல்லாவற்றையும் வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக நிறைவேற்றப் பார்த்தால் விபரீதம். கடைசியாக டயல் நின்ற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நியூட்ரல். உங்கள் கேள்வியில் 2எச், 4எச், 4எல் மூன்றுதான் இருந்தன. பெட்டிக்குள் நான்காவது ஒன்று இருக்கிறது. 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபர் கேஸின் நியூட்ரல். அங்கே நின்றால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஆட்டோமேட்டிக் வண்டியானால் இன்னும் ஆபத்து: பார்க்கில் போடும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது, அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பார்க்கில் போட்டும் வண்டி உருளும். மேனுவல் வண்டியில் முதல் கியரில் போட்டு நிறுத்தும் நம் வழக்கமும் அதே காரணத்தால் பயனற்றுப் போகும். கயிறு கட்டி இழுத்துச் செல்லத் தவிர ஓட்டுநருக்கு இந்த நியூட்ரல் தேவையே இல்லை. ஜீப் கிராண்ட் செரோக்கியில் இதற்கான பட்டனைப் பள்ளத்துக்குள் புதைத்திருந்தார்கள். பேனா முனையால் குத்தி 4 நொடி பிடித்தால்தான் வேலை செய்யும். தெரியாமல் கை பட்டு அது நடக்க வாய்ப்பே இல்லை. உங்கள் டயலில் நியூட்ரல் என்ற இடமே வேண்டாம்.

ஆனால் மாற்றம் பாதியில் நின்றால் பெட்டி நியூட்ரலில் மாட்டும். இதற்கு விதி ஒன்று எழுதுங்கள்: குறித்த நேரத்துக்குள் 4எல் விழவில்லை என்றால் மோட்டார் தானாகவே 4எச்சுக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மூன்று விளக்கும் சேர்ந்து மின்ன வேண்டும், பஸ்ஸர் ஓயாமல் கத்த வேண்டும், ஹேண்ட் பிரேக் போடச் சொல்லித் திரையில் வர வேண்டும். பஸ்ஸரை மற்ற எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சீட் பெல்ட்டுக்கும் கதவுக்கும் அதே சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செங்குத்தான சரிவில் 4எல் முதல் கியரில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது இன்ஜின்தான், பிரேக்கை ஓட்டுநர் தொடவே இல்லை. கல் ஒன்றில் ஏறி இறங்கிய குலுக்கலில் கை டயலில் பட்டு 4எச்சுக்குத் திரும்பிவிடுகிறது. உங்கள் புரோகிராம் அதை அப்படியே நிறைவேற்றினால் வண்டி ஒரு கணம் நியூட்ரலைத் தாண்டியாக வேண்டும். சரிவில் அந்த ஒரு கணம் போதும், வண்டி வேகமெடுத்துவிடும், அதற்குப்பின் 4எச்சும் விழாது. ஆகவே வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது 4எல்லைவிட்டு வெளியே வர அனுமதிக்கவே கூடாது. டயல் 4எச்சில் நிற்கட்டும், 4எல் விளக்கு நிலையாக எரியட்டும், 4எச் விளக்கு மின்னட்டும். 4எல்லிலிருந்து வெளியே திருப்பவும் அழுத்த வேண்டும் என்று வைத்தால் இந்தத் தற்செயலே நடக்காது. நான் வைப்பேன்.

டயலின் உருவத்தைப் பற்றி. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கையிலுள்ள ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. இரண்டு ஸ்விட்சும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் இதைக் கவனித்து, ஒன்றுக்குச் சக்கர வடிவத்திலும் மற்றதற்கு இறக்கை போல ஆப்பு வடிவத்திலும் பிடி பொருத்தச் சொன்னார். கை தொட்டவுடன் எது எது என்று தெரிந்தது. பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவுக்கு மஞ்சள் குமிழ், லோ ரேஞ்சுக்குச் சிவப்பு குமிழ். ஒன்றை மேலிருந்து அழுத்த வேண்டும், மற்றதைப் பின்னால் இழுக்க வேண்டும். நிறம் மட்டுமல்ல, கை செய்யும் அசைவே வேறு.

இந்தப் பாடம் 2014-இலும் மறந்துபோனது. லிங்கன் எம்கேசி காரில் கியர்களுக்கு லீவர் கிடையாது, மேலிருந்து கீழாகப் பட்டன்கள். ஸ்போர்ட் பட்டனுக்கு நேர் கீழே இன்ஜினை அணைக்கும் பட்டன். ஓடும் வண்டியில் ஓட்டுநர்கள் தவறி இன்ஜினை அணைத்துவிட்டார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்து, அணைக்கும் பட்டனை வரிசையின் உச்சிக்கு மாற்றினார்கள். உங்கள் ஜீப்பில் ஏசி டயல் இருந்தால், அதன் அளவிலும் உருவத்திலும் பக்கத்திலேயே இன்னொரு டயலை வைக்காதீர்கள். நடுவில் தடித்த முகடு உள்ள, விரல்கள் இரண்டு பக்கமும் பிடிக்கும் டயலாக இருக்கட்டும். முகடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது சேறு பூசிய கைக்கும் தெரியும்.

திருப்பிய இடத்தில் நிற்கும் டயல் வேண்டும் என்றேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. தட்டிவிட்டால் நடுவுக்கே திரும்பிவிடும் வகையும் உண்டு. கிராண்ட் செரோக்கியின் 2014, 2015 மாடல்களில் கியர் லீவர் அப்படித்தான் இருந்தது. முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் கையை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். எந்த கியர் என்பதை விளக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. இதே அமைப்புள்ள வேறு மாடல்களையும் சேர்த்து 2016 ஏப்ரலில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். அந்த ஜூன் மாதம் நடிகர் அன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் உருண்டு வந்த தன் கிராண்ட் செரோக்கி மோதி இறந்தார். அவருடைய வண்டி அந்தப் பட்டியலில் இருந்தது. லீவர் உடையவில்லை, மின்சாரம் போகவில்லை. கைக்கு நிலை தெரியாமல் போனதுதான் குறை.

நிலையாக நிற்கும் டயலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் அணைந்திருக்கும்போது வீட்டுக் குழந்தை டயலைத் திருப்பிவிட்டுப் போயிருக்கலாம். காலையில் சாவி போட்டதும் டயல் ஒன்று சொல்லும், பெட்டி இன்னொன்றில் இருக்கும். அப்போது மோட்டார் அசையக் கூடாது. டயல் காட்டும் விளக்கு மின்னட்டும். ஓட்டுநர் டயலைத் தொட்டுத் திருப்பிய பிறகே வேலை தொடங்கட்டும். அதேபோல் பேட்டரி போனாலும் பெட்டி இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். மோட்டாருக்குத் தானே பூட்டிக்கொள்ளும் வகை வர்ம் கியர் (திருகு வடிவ கியர்) வைத்தால் பின்னோக்கிச் சுழலாது, அது தானாகவே கிடைக்கும்.

டச் ஸ்கிரீனுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கரடுமுரடான தடத்தில் விரல் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் நிலையாக நிற்காது, ஈரவிரலுக்குத் திரை ஒழுங்காகப் பதில் சொல்லாது, பார்வையைத் தடத்திலிருந்து எடுக்க வேண்டும். வேண்டாம்.

லேண்ட் ரோவர் 2004-இல் டிஸ்கவரி 3-இல் கொண்டுவந்த டெரைன் ரெஸ்பான்ஸ் டயலைப் பார்த்து, புல், சேறு, மணல், பாறை என்று படம் போடலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அங்கே டயலுக்குப் பின்னால் ஆக்ஸிலரேட்டர், கியர் பாக்ஸ், டிராக்ஷன் கண்ட்ரோல், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அத்தனையையும் ஓட்டுநர் தனித்தனியாக மாற்ற முடியாது என்பதால் நிலத்தின் பெயர் பொருந்துகிறது. உங்களிடம் இருப்பது ஒரே பெட்டி, மூன்று நிலை. அதை உள்ளபடியே 2எச், 4எச், 4எல் என்று எழுதுவதுதான் நேர்மை. சேறு என்று எழுதி உள்ளே 4எச்சை மட்டும் போட்டால், டயல் செய்யாத வேலையைச் செய்வதாக ஓட்டுநர் நம்புவார்.

லீவரையே விட்டுவைத்தால் என்ன என்பதையும் ஒருமுறை பேசிப் பாருங்கள். சுஸுகி முந்தைய தலைமுறை ஜிம்னியில் நடுவில் பட்டன்களுக்குப் போய், 2018-இல் வந்த புதிய ஜிம்னியில் லீவருக்கே திரும்பியது. இந்தியாவில் 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும் லீவர்தான். தரைக்கடியில் இடம் இருந்து, நீளமான இணைப்புக் கம்பி தேவைப்படாத வண்டியில் நான் லீவரைத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் புராஜெக்டின் நோக்கமே மோட்டார் என்பதால் டயலைச் சொன்னேன்.

பின் டிஃபரன்ஷியல் லாக்கும் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை இந்த டயலில் ஏற்றாதீர்கள். ஏதாவது ஒரு டிராக்டரில் ஏறி வலது குதிகாலுக்கு அருகே பாருங்கள், பெரும்பாலும் லாக்குக்கு ஒரு பெடல் இருக்கும். மிதித்துப் பிடித்திருக்கும்வரை லாக். காலை எடுத்ததும், சக்கரங்களின் இழுப்பு சமமானவுடன் ஸ்பிரிங் கழற்றிவிடும். லாக் போட்டபடி திரும்பினால் வண்டி வளையாது, ஆக்ஸிலும் கெடும். அதனால் மறந்துபோக முடியாத கட்டுப்பாடாகச் செய்திருக்கிறார்கள். உங்களுக்கும் பிடித்திருக்கும் நேரம் மட்டும் வேலை செய்யும் பட்டன் போதும்.

செய்து முடித்தபின் சோதனைக்கு உங்கள் குழுவில் இல்லாதவர்களைக் கூப்பிடுங்கள். எதையும் விளக்க வேண்டாம். இரவில், கை நனைந்திருக்க, 4எல்லில் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் சென்சார் வயர் ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் கழற்றி வையுங்கள். சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துச் செய்யுங்கள். வண்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். உறுதியாகத் தவறான பதில் வந்தால் விளக்கின் லாஜிக்கைத் திருத்துங்கள். "ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை" என்று அவர் சொன்னால், உங்கள் வண்டி உண்மையைச் சொல்லியிருக்கிறது.